முதல் நாண்

செண்டெண்ட்ரே,
ஏப்ரல் 14

அன்புள்ள சிலார்ட் அண்ணாவுக்கு,

எமோகே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். லின்ஸில் தச்சு வேலை எப்படிப் போகிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆகஸ்டிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் நல்ல செய்தி. வில் தயார். நானே செய்தேன்! சாம்பல் நிற மாட்டின் கொம்பை வேகவைத்து நிமிர்த்தி, மேப்பிள் கட்டையின் வயிற்றுப்பக்கம், எய்பவரைப் பார்க்கும் பக்கம் ஒட்டினேன். மான் நரம்பை நார்நாராகக் கிழித்து முதுகில் மூன்று அடுக்கு போட்டேன். அக்டோபரில் ஒட்டியதை மார்ச் வரை தொடவில்லை. நுனிகளுக்கு மான்கொம்புத் தகடு. இங்கே ரோமானியர்களின் கடைசிக் காலத்துக் கோட்டையில் தோண்டி எடுத்தார்களே, அதே அளவு, அதே வளைவு. உன் வில்லைவிட நன்றாக வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, உண்மை அப்படி.

நம் வில்லாளிக் குழுத் தலைவர் திஹாமேர் மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன்கூட இவ்ளோ நைசா இழைச்சதில்லடீ" என்றார். மே மாத விழாவில் நாம் ரோமானிய வில்லாளிகளாக வேஷம் கட்டுவதற்கு முன்னால், வழக்கம்போல மியூசியத்து அம்மா வந்து ஒவ்வொரு பொருளையும் சோதித்தார். மாமாவின் கால்சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "ரோமாபுரி வீரனுக்கு இதை யாருங்க தச்சுக் குடுத்தா?" என்று கேட்டார். மாமா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் வில்லை அந்த அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.

என் இடது கண்ணைப் பற்றிக் கேட்க உனக்கு வாய் வராது, நானே சொல்கிறேன். இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுதேன், அழுது முடித்தும்விட்டேன். குறி பார்க்க வலது கண் போதும். பழைய பயிற்சி வில்லில் பத்துக்கு எட்டு அம்பு தைக்கிறது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தது இதைத்தான். தகட்டை ஒட்டும் முன் அளவு பார்க்க, உடைந்த உன் வில்லை எடுத்துப் பிரித்தேன். அன்று நாண் ஏற்றும்போது தெறித்து என் கண்ணில் அடித்த அந்தத் தகடு இருந்த இடத்தில் மரம் சிவந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். பாப்ரிக்கா மிளகாய்ப்பொடி வாசனை! போன வருஷம் ஜனவரியில், பன்றி அடித்த வாரம், நீ வெளியூர் போயிருந்தாய். சூட்டில் சீக்கிரம் காயட்டும் என்று தகடு ஒட்டாத உன் வில்லை, இறைச்சிக்குப் புகை போடும் அறையில் தொங்கவிட்டவள் நான். மேலே பாப்ரிக்கா போட்ட தொத்திறைச்சிச் சரம். கொழுப்பு சொட்டியிருக்கிறது. நீ வருமுன் எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, அதை மறந்தேபோனேன். நீ அதன்மேல் தகடு ஒட்டினாய். கொழுப்புப் பிசுக்கில் பசை எப்படிப் பிடிக்கும்?

"அவசரப்பட்டு ஒட்டிட்டேன், உன் கண்ணை நானே கெடுத்துட்டேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாயே அண்ணா. உன் கையில் தப்பே இல்லை. என்னை மன்னித்துவிடு.

புது வில்லில் இன்னும் நாண் ஏற்றவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஒருவர் முழங்காலில் வைத்து வளைக்க, இன்னொருவர் குனிந்து நுனியில் மாட்ட வேண்டும். மாட்டுகிறவர் முகத்துக்கும் வில்லுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. "நான் வளைக்கிறேன், வேற யாராவது மாட்டட்டும், நீ தள்ளி நில்லும்மா" என்றார் மாமா. வேண்டாம் என்றுவிட்டேன். செய்த வீட்டார்தான் முதல் நாண் ஏற்ற வேண்டும் என்று குழுவில் வழக்கம் வைத்தவரே அவர்தானே!

நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா. விழாவுக்கு முந்தின நாளாவது வந்துவிடு. நீ வளை, நான் குனிந்து மாட்டுகிறேன். உன் கை நடுங்கினாலும் நான் முகத்தை விலக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை
எமோகே