நியூட்ரலில் இறங்கிய ஜீப்

ஐப்பசி 9, வெள்ளிக்கிழமை

இன்று இறம்பொடை இறக்கத்தில் ஜீப்போடு பள்ளத்துக்குப் போயிருப்பேன். தப்பு ஜீப்புடையது இல்லை, என்னுடையது.

லீட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை, வித்துவிடு என்று வீட்டில் தினமும் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து வந்த மச்சான் வழி சொன்னார்.

"எறக்கத்துல நியூட்ரல்ல விடுங்க மச்சான், டீசல் மிச்சம். எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க."

விட்டேன். வேகம் கூடக் கூட பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். மூன்றாவது வளைவில் பிரேக் தீய்ந்த வாடை வந்தது. மிதித்தால் கால் உள்ளே போனது. எப்படியோ இரண்டாம் கியரைப் போட்டேன். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது.

"தோட்டத்துத் தொரைமாருக்குத்தான் இந்த வண்டியெல்லாம் சரி. நமக்கு எதுக்கு?" என்றார் மச்சான்.

"அக்கரப்பத்தனையில நான் மரக்கறி மூட்டைய தலையில சொமந்தப்போ, இது நமக்கு எதுக்குன்னு கேட்டீங்களா?" என்றேன்.

கராஜ்காரர் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு என்னைத்தான் திட்டினார். கியரிலேயே வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினாலும் டீசல் போகாதாம். டயரில் காற்றும் குறைவு. ஜீப் கூரையில் சும்மா கிடந்த, சாமான் வைக்கும் இரும்புத் தட்டையும், பின்னால் மாதக்கணக்காகச் சுமந்த உரமூட்டைகளையும் அங்கேயே இறக்கிவிட்டேன். நாளைக்கு டேங்க்கை நிரப்பி, லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஓட்டிப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வாங்க ஆள் கூட்டி வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார். "வர வேணாம்னு சொல்லிறவா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"வரட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."