முதலில் அடுத்தவர் பக்கம்

அன்புள்ள கலா,

உன்னை நினைத்தால் முதலில் வருவது நீ சொல்லிச் சிரித்த அந்த ரப்பர் வழக்குதான். நீ நடத்திய மூன்றாம் வகுப்பில் ஒருவன் அழுதுகொண்டு வந்தான். “டீச்சர், இவன் என் ரப்பரைப் புடுங்கிட்டான்.” நீ கேட்டாய்: “சரிடா, மொதல்ல அவன் பக்கத்தச் சொல்லு.”

“நான் அவன் டிபன்பாக்ஸைத் தட்டிவிட்டேன்னு அவனுக்குக் கோவம். ஆனா நான் தட்டல டீச்சர்.”

“அது உன் பக்கம். அதுக்கு இன்னும் நேரம் வரல.”

அதுதான் உன் வகுப்பின் சட்டம். எதிராளியின் பக்கத்தைச் சொல்லி, அவன் ‘ஆமா, அதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே தன் பக்கம். நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள்; பிள்ளைகள் நன்றாக நடிக்கப் பழகுவார்கள் என்றேன். “நடிக்கட்டும் மதினி. அதுக்காச்சும் அடுத்தவன் மூஞ்சியச் செத்த நேரம் பாக்கணும்ல” என்றாய். ஒருநாள் வந்து பாருங்க என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி என்ன, தூர தேசமா? நான் வரவே இல்லை.

நீ எங்களை விட்டுப் போனபிறகு, இப்போது அங்கே வேறு ஆசிரியை. பேசுகிற பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட ஒரு லீடர் வந்துவிட்டான். அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். நீ செய்ததெல்லாம் இவ்வளவு சீக்கிரம் அழிந்துவிடக்கூடியதா?

நேற்று சாயங்காலம் உன் வீட்டில் ஒரு சண்டை. உன் மகள் யாழினியை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, திண்டுக்கல்லில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போவதாக என் தம்பி சொன்னான். கலா தன் பிள்ளையைத் தன் பள்ளியிலேயே படிக்கவைத்தாள், அதை மாற்ற நீ யார் என்று நான் கேட்டேன். “ஒனக்கு என்னக்கா தெரியும்” என்று அவன் கத்தினான். நானும் கத்தினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த யாழினி நிமிர்ந்தாள். “அத்தை, மொதல்ல அப்பா பக்கத்த நீங்க சொல்லுங்க.”

உன் குரலேதான், கலா.

“ஒங்கப்பாவுக்கு ஊர் மெச்சணும்” என்றேன். அவள் அவனைப் பார்த்தாள். “சரியாப்பா?” அவன் இல்லை என்று தலையசைத்தான். “தப்பு அத்தை. திரும்பச் சொல்லுங்க.”

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. தினமும் காலையில் பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடுகிறவன் அவன்தான்.

“அந்த ஸ்கூல் கேட்டு முன்னாடி தெனமும் வண்டிய நிறுத்த ஒன்னால முடியல. அதானடா?” என்றேன்.

“ஆமாக்கா.”

பிறகு அவன் முறை. “நானே பிள்ளைய அங்கேருந்து எடுத்துட்டா, கலாவை மொத்தமா மறந்துட்டோம்னு ஆயிரும்னு அக்காவுக்குப் பயம்” என்றான். நான் எனக்கே அதை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அதற்குமேல் யாரும் சத்தம் போடவில்லை. யாழினி தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது. அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போகிறவள் அவள். தினமும் உன் வகுப்பைக் கடந்து போவது அவளுக்கு எப்படி இருக்கிறது? வலிக்கிறதா, இல்லை அவள் அம்மா மிச்சமிருக்கிற ஒரே இடம் அதுதானா? அவள் பக்கத்தை நாங்கள் இருவரும் சொல்லவே இல்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

நீ இருந்திருந்தால் தெரிந்திருக்கும். உன் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருநாளாவது உட்கார்ந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் பழகியிருக்கும்.

இன்று சாயங்காலம் தம்பியும் நானும் அவள் முன்னால் உட்காரப்போகிறோம். அவள் பக்கத்தை முதலில் நாங்கள் சொல்வோம். தப்பு என்றால் திரும்பச் சொல்வோம். அவள் ‘ஆமா, அதான்’ என்று சொல்லும்வரை எந்தப் பள்ளி என்று முடிவெடுக்க மாட்டோம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பிள்ளைக்கு அத்தையாக இருக்க இப்போதுதான் பழகும்,
உன் மதினி