நாலு பத்துக்குக் கேட்ட குரல்

இன்று காலை மகள் என் கணுக்காலுக்கு நீலகிரித் தைலம் தடவிவிட்டாள். பாட்டிலைத் திறந்ததும் எனக்கு உன் வலது முட்டிதான் ஞாபகம் வந்தது. உன்னிடம் எப்போதும் அந்த வாடை அடிக்கும். வீட்டில் கேட்டால் சளி என்பாய், கம்பெனியில் கேட்டால் தலைவலி என்பாய். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும்.

மண்ணூர்பேட்டை மைதானத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் மதில் ஓரமாக, ஃபுட்பாலில் நீ பின்னால் லெஃப்ட் பேக், நான் முன்னால் லெஃப்ட் விங். ஒரு மாட்ச் நடுவில் நீ சட்டென்று உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினாய். கட்டியிருந்த லேஸையே மறுபடி கட்டுகிறானே என்று கிட்ட வந்தேன். "முட்டி பூட்டிக்குது மச்சான். மடக்கினா மடக்கினபடியே நிக்கும். ரெண்டு நிமிசம் பொறுத்தா டக்குனு வுட்டுரும். யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்றாய். எவனிடமும் சொல்ல மாட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில் அடித்திருக்க வேண்டும்.

நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பந்து என் காலில் இருக்கும்போது முதுகுப் பக்கம் எதிராளி வந்தால் நீ "குட்டி" என்று ஒரே ஒரு தடவை கத்துவாய். கத்தினால் அந்த நொடியே பந்தை விலக்கிக்கொண்டு ஓட வேண்டும். கத்தாவிட்டால் நிதானமாக ஆடலாம். "திரும்பி மட்டும் பாக்காத. திரும்புனா அரை செகண்ட் போச்சி. பின்னாடி நான் கீறேன்ல" என்பாய். மூன்று வருஷம் நான் முதுகைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. குட்டி என்பது என் வீட்டுப் பெயர், மைதானத்தில் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டவன் நீ ஒருவன்தான்.

மாலத்தீவு கிளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் வந்தாரே, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். இடது பக்கம் ஆட நம் இரண்டு பேரையும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. டீக்கடையில் என்னைத் தனியாக உட்காரவைத்து, உன் ஜோடிக்கு உடம்பில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டார். அங்கே போய் நீ லேஸ் கட்ட உட்கார்ந்தால் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிடுவார்களே என்று பயந்தேன். இல்லை, அதுகூட நான் பிற்பாடு கண்டுபிடித்த சமாதானம். எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். முட்டி என்று சொல்லிவிட்டேன்.

உன்னை வேண்டாம் என்றபோது அவர் உன்னிடம் காரணத்தை மறைக்கவில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று உனக்கு யோசிக்கவே வேண்டியிருக்காது. ஆனாலும் விமானம் பிடிக்க நான் ரயிலேறிய அன்று சென்ட்ரலுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிவந்தாய். "நல்லா ஆடு மச்சான்" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் சீட்டுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அங்கே எனக்கு இரண்டு மாதம் சோதனைக் காலம். பிடித்தால் சீசன் முழுக்க, இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். முதல் ஆட்டங்களில் அடிமேல் அடி வாங்கினேன். எனக்குப் பின்னால் ஆடிய தீவுக்காரப் பையன் வாயே திறக்க மாட்டான். யார் வந்து விழுந்தாலும், விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கடைசி வாய்ப்பு என்று சொல்லித்தான் அன்றைக்கு இறக்கினார்கள். நாலு மணிக்கு ஆட்டம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பந்து என் காலுக்கு வந்தது.

"குட்டி."

சரியாகப் பத்தடி பின்னால், இடது தோள் பக்கம். உன் குரல், உன் தொண்டைக் கரகரப்போடு. நான் திரும்பவில்லை. பந்தை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு ஓடினேன். என் கால் இருந்த இடத்தில் ஒருவன் சறுக்கி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நேரே போய் அடித்தேன், கோல். அன்று மாலையே சீசனுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். தீவுக்காரப் பையனிடம் கூப்பிட்டாயா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ராத்திரி உனக்குக் கடிதம் எழுதினேன். இங்கேயும் வந்து கூப்பிடுகிறாயேடா, நாலு பத்துக்கு நீ கத்தியதால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று எழுதினேன்.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் உன் பேச்சே இல்லை. வெளிநாட்டில் தனியாக இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி எழுதக் கூடாது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள்.

சீசன் முடிந்து அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியபோது அண்ணன்தான் சொன்னான். நாலரைக்கு ஷிப்ட் விட்டு நீ பட்டரவாக்கத்தில் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கிறாய். "பாதில அப்டியே குந்திட்டானாம்டா. முட்டி போட்டு ஜெபம் பண்ற மாதிரி இருந்துச்சின்னு பின்னாடி வந்த பொம்பள சொல்லிச்சி. வண்டி வர்றத பாத்துக்கினே இருந்தானாம். உன் பேரச் சொல்லி ஒரே ஒரு தபா கத்துனானாம்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலே முக்காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி என்றான். எந்தத் தேதி என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே கடிகாரம் இங்கிருப்பதைவிட அரை மணி பின்னால் ஓடும்.

உன் அம்மா ரொம்பவும் இளைத்துப்போயிருந்தார்கள். "வெளிநாடு போவ முடியலன்னு இப்டி பண்ணிக்கினான்னு ஊரே சொல்லுது. ஃபாதர் அப்டி நெனைக்காதம்மான்னு சொல்றாரு. ஆனா அது பாவம்பா. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நன்மை வாங்குவேன்?" என்றார்கள். நீ போன நாளிலிருந்து பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவர்கள் மட்டும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்களாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அவன் ஜெபம் பண்ணலம்மா. முட்டி பூட்டிக்கினு இருக்கும். கிரவுண்டுலயும் அப்டித்தான் குந்திடுவான்."

"மெய்யாவே முட்டில கோளாறா? அந்த கிளப்காரரு சும்மா சாக்கு சொல்றாருன்னு நெனச்சேன். அவருக்கு யாரு சொன்னா?"

"நான்தாம்மா."

அவர்கள் என்னைத் திட்டவில்லை. மாதா படத்துக்குப் பின்னாலிருந்து என் கடிதத்தை எடுத்தார்கள். "பக்கத்து ஊட்டு பொண்ணு படிச்சி காட்டிச்சி. அன்னிக்கி அவன் கூப்டது உனக்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சிம்மா."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தார்கள். பிறகு, "சாப்ட்டுட்டுப் போப்பா" என்று எழுந்து உள்ளே போனார்கள். போட்டதைச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா நன்மை வாங்க எழுந்து போனார்கள். கோயில் வாசலில் நின்று நானே பார்த்தேன். அந்த ஒன்றையாவது உனக்குச் செய்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது சீசனில் நீ கூப்பிடவே இல்லை. ஆனால் பந்து காலுக்கு வரும்போதெல்லாம் நான் திரும்பினேன். ஒரு தடவை விடாமல் திரும்பினேன். அரை செகண்ட் போய், பந்தும் போனது. கணுக்காலை ஒருவன் உடைத்தது நான் முழுதாகப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான். பாதியிலேயே ஊருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். போகும் முன் பயிற்சியாளர், அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டார். பத்தடி பின்னால் ஒருவன் குந்தியிருக்கிறான், எழுந்திருக்க முடியவில்லை, நான் போய்க் கை கொடுக்க வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?