விருந்தாளி கண்டக்டர்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கப்பல் இன்றும் வரவில்லை. தீவு பஜாரில் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. எல்லாம் அந்தக் கப்பலில். நம் விருந்தாளிகளும் அதில்தான்.

வயலினை அலமாரியில் வைத்து பல்பு எரியவிட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துப் பசை விட்டுவிடும்.

பக்கத்து வீட்டு மரகதம் கேட்டாள்: "கல்கத்தாலேருந்து கண்டக்டர் வர்றாராமே டீச்சர்? எந்த பஸ்ஸுக்கு?" வாத்தியக் கோஷ்டிக்கு முன்னால் நின்று கையசைப்பவர் என்று விளக்கினேன். "அதை நீங்கதானே பண்ணிட்டு இருந்தீங்க?" என்றாள். ஆமாம். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

போன வருடம் போலீஸ் பாண்டிலிருந்து ஆறு பேர், பள்ளி ஆசிரியைகள் சிலர், பெரார்கஞ்ச் கிராமத்திலிருந்து வயலின் வாசிக்கும் விவசாயி மொண்டல் பாபு. எல்லோரையும் கெஞ்சிக் கூட்டிச் சேர்த்தவள் நான். வாரம் தவறாமல் பழக்கியவள் நான். இப்போது டெல்லியிலிருந்து பெரிய மனிதர் வருகிறாராம். கிளப் செக்ரட்டரி உடனே கல்கத்தாவுக்குத் தந்தி அடித்து ஒரு கண்டக்டரையும் செல்லோ என்கிற பெரிய வயலின் வாசிக்கும் அம்மாளையும் வரவழைத்துவிட்டார். "உங்களுக்குத்தான் பெரிய கௌரவம், மேடம்." கௌரவம் என்னவென்றால், இரண்டாவது வயலின் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி.

மழைக்காலத்தில் இந்தக் கச்சேரியை வைத்த புத்திசாலி யார்?

ஜூலை 16, புதன்

கப்பல் வந்தது. ஹாடோ ஜெட்டியில் செக்ரட்டரி, மாலை, நான், குடைகள்.

கண்டக்டர் பிந்தோவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். முகம் வாழையிலை நிறம். மாலையைப் பார்த்ததும் மறுபடி குமட்டல். செல்லோ அம்மாள் மிஸஸ் ஹாரிஸ், ஐம்பது வயதிருக்கும், கசங்கிய பருத்தி கவுன். செல்லோப் பெட்டியை யாரையும் தொடவிடவில்லை. தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். கூலிக்காரன் ஒருவன்: "யே க்யா, ஹாத்தி கா பிடில் ஹை?" யானை வாசிக்கிற பிடிலா என்று. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெங்காயம் கிடைத்தது. பாதி அழுகல்.

ஜூலை 17, வியாழன்

பிந்தோ எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஓய்வு என்றுவிட்டார். செக்ரட்டரி வேர்க்க விறுவிறுக்கப் பள்ளிக்கே வந்தார். "மேடம், ஆஜ் ஆப் ஹீ சம்பாலியே. இன்னைக்கு மட்டும்." இன்றைக்கு மட்டும் நான் கண்டக்டர்.

பள்ளி ஹாலில் ஒத்திகை. தகரக் கூரையில் மழை, ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மழை விட்டதும் மிஸஸ் ஹாரிஸ் வாசித்தார்.

எழுதத் தெரியவில்லை. காதில் கேட்கவில்லை, அடிவயிற்றில் கேட்டது. மூன்று பாகத்தில் இரண்டாம் பாகம், மெதுவாகப் போவது. நாங்கள் சேர வேண்டிய இடம் வந்தது. யாரும் சேரவில்லை. கிளாரினெட் ஹவில்தார் பரமசிவம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் கையைத் தூக்க மறந்துபோனேன். மிஸஸ் ஹாரிஸ் வில்லை நிறுத்திச் சிரித்தார். மறுபடி. இந்த முறை சேர்ந்தோம்.

ஒரு இடத்தில் கேட்டார்: "இங்கே வேகத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறீர்களே, ஏன்?"

"ஹவில்தாருக்கு மூச்சு வாங்க வேண்டும்."

"நல்லது. எனக்கும் வேண்டும்."

மூன்றாம் பாகம், வேகமானது. அதுவும் விழாமல் முடிந்தது. இந்த ஒரு வருடத்தில் இப்படி வாசித்ததே இல்லை. வீட்டுக்கு வரும்போது செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு நடந்தேன், கோபம் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பிந்தோ எழுந்துவிட்டார்.

வந்ததும் முதல் கேள்வி: நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர்கள் யார்? மொண்டல் பாபு கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. எழுத்தில் பார்த்து வாசிக்கத் தெரியாது அவருக்கு. நான் பாடிக் காட்டினால் பிடித்துக்கொள்வார். அப்படித்தான் முழுவதும் பழகியிருக்கிறார். பிந்தோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், அவர் வேண்டாம். நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் ஆள்தானே."

மூன்றாம் பாகம் நேற்றைவிட ஒன்றரை மடங்கு வேகம். "ரயில் மாதிரி போக வேண்டும்! ரயில்!" பாண்ட்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தீவில் ரயில் ஏது? ஹவில்தாரின் மூச்சுக்கு விட்ட இடமும் போச்சு. மிஸஸ் ஹாரிஸ் பிந்தோ சொன்ன வேகத்தில் வாசித்தார்.

தலைவலி. அமிர்தாஞ்சன் தீர்ந்துவிட்டது.

ஜூலை 19, சனி

மொண்டல் பாபு பெரார்கஞ்சிலிருந்து லாரியில் வந்தார். முழங்கால்வரை சேறு. வயலில் நடவை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பள்ளி வாசலிலேயே மடக்கி, சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பாதி ஹிந்தி, பாதி உளறல்.

காலிலிருந்த சேற்றைப் படியில் தேய்த்தார். பிறகு, "டீக் ஹை, தீதி. நடவு நேரம். வீட்டுக்காரி சந்தோஷப்படுவாள்." சிரித்தார். வயலினைத் துண்டில் சுற்றினார். "கேட்க வரலாமா? டிக்கெட் உண்டா?"

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நேராக செக்ரட்டரியிடம் போனேன். மொண்டல் பாபு எங்களோடு மேடையில் உட்கார வேண்டும் என்றேன். "ஏக் ஆத்மி கி பாத் ஹை மேடம். அட்ஜஸ்ட் பண்ணுங்க." ஒரே ஒரு ஆள்தானே என்கிறார். ஒரு ஆள் என்றால் என்னையும் சேர்த்து இரண்டு ஆள், நானும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தால் வராந்தாவில் ஹவில்தார். எப்படித்தான் தெரிந்ததோ. "என்ன டீச்சர், வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே? நல்லதுதான். ஆனா நீங்களும் போயிட்டா நாங்க யாரைப் பாத்து வாசிக்கது? அவரு கை ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு."

உள்ளே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். செக்ரட்டரி தலையாட்டினார், ஜெயித்தவர் மாதிரி.

என் வீட்டுக்காரருக்கு எழுதலாம் என்று பார்த்தால் தெற்கே ஹட் பேக்கு அடுத்த படகு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. புதுக் குடியேற்ற வேலை என்று போனவர், மாதமாகிறது.

ஜூலை 20, ஞாயிறு

கச்சேரி முடிந்தது. கை இன்னும் வலிக்கிறது.

ஹால் நிறைந்துவிட்டது. டெல்லிக்காரர் முன்வரிசை. பின்னால் சுவரோரம் மொண்டல் பாபு, மனைவி, குழந்தைகள், எல்லோரும் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி.

முதல் இரண்டு பாகம் சரி. மூன்றாவது, ரயில் புறப்பட்டது. கொஞ்ச தூரத்திலேயே ட்ரம்பெட் முந்திவிட்டது, கிளாரினெட் பிந்திவிட்டது. ஹவில்தார் மூச்சு முட்டி நிறுத்தியே விட்டார். பிந்தோ இன்னும் வேகமாகக் கையை வீசினார். செல்லோ மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மிஸஸ் ஹாரிஸ் தலையைத் திருப்பினார். பிந்தோவை அல்ல, என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். விழட்டும் என்று நினைத்தேன். நன்றாக விழட்டும், எல்லோரும் பார்க்கட்டும். அப்படி நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், கொஞ்ச நேரம்தான். ஆனால் ஹவில்தாரும் என்னைப் பார்த்தார். ட்ரம்பெட்காரரும்.

வில்லை அழுத்திப் போட்டேன். என் வரியை விட்டேன், தாளத்தை மட்டும் வாசித்தேன், பலமாக, தலையாட்டி, பழைய வேகத்தில். ஹவில்தார் உள்ளே வந்தார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மிஸஸ் ஹாரிஸும் வேகத்தைக் குறைத்து எங்களோடு வந்தார். பிந்தோவின் கையும் கடைசியில் எங்களைத் தொடர்ந்து வந்தது. சேர்ந்தே முடித்தோம்.

கைதட்டல். டெல்லிக்காரர் எழுந்து நின்று தட்டினார். ரோஜா மாலை பிந்தோவுக்கு, பூச்செண்டு மிஸஸ் ஹாரிஸுக்கு. செக்ரட்டரி பேச்சு: "இரண்டே நாளில் இந்தத் தீவின் கலைஞர்களை இப்படித் தயார் செய்த..." முழுவதும் கேட்கவில்லை, நாற்காலி அடுக்கப் போய்விட்டேன்.

பிந்தோ தேடி வந்தார். நன்றி சொல்ல என்று நினைத்தேன். "மேடம், இரண்டாவது வயலின் ரொம்பச் சத்தம். அடுத்த முறை கவனித்துக்கொள்ளுங்கள்."

அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினேன். ஏன் வாயைத் திறக்கவில்லை? வீட்டுக்கு வந்து மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் அருமை.

ஜூலை 22, செவ்வாய்

ஜெட்டிக்குப் போகவில்லை. வகுப்பு இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

கப்பலுக்குப் போகும் வழியில் மிஸஸ் ஹாரிஸ் ஜீப்பை நிறுத்திப் பள்ளிக்குள் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்று நம்மைக் காப்பாற்றியது யார் என்று எனக்குத் தெரியும்."

"அதை அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்கலாமே" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் பல ஊருக்கு அவரோடுதான் போகிறேன். அவர் கூப்பிட்டால்தான் எனக்கு மேடை. கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்."

ஹாரன் அடித்தது. போய்விட்டார். அவரிடம் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த எரிச்சல் வேறு.

ஜூலை 25, வெள்ளி

கொஞ்சம் வெயில். வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், அமிர்தாஞ்சன், செருப்புக்கு வார். ஆகஸ்ட் பதினைந்துக்கு எட்டாம் வகுப்பு தேசபக்திப் பாட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு. அபஸ்வரத்தில் முப்பது குரல்.

மத்தியானம் பள்ளி கேட்டில் ஹவில்தார் பரமசிவம்.

"அடுத்த ப்ராக்டிஸ் என்னைக்கு டீச்சர்?"

"கல்கத்தாக்காரரைக் கேளுங்கள்."

"அவரு போயிட்டாருல்லா."

இனி ப்ராக்டிஸும் இல்லை, ஒன்றும் இல்லை, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். "சரி டீச்சர்" என்றார். நகரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். "பாண்டுக்குப் புதுசா ஒரு பய மெட்ராஸ்லேருந்து மாத்தலாகி வந்திருக்கான். ட்ரம். தாளம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கூட்டியாரட்டுமா?"

முன்னப்பின்ன என்றால் எவ்வளவு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சரி, ப்ராக்டிஸ் புதன்கிழமை. மொண்டல் பாபுவுக்கு ஆள் விட்டுச் சொல்ல முடியாது, நானே போய்த்தான் கேட்க வேண்டும். வருவாரோ மாட்டாரோ. பெரார்கஞ்சுக்கு லாரி காலையில் எத்தனை மணிக்கு, மரகதத்தின் வீட்டுக்காரரிடம் கேட்க.