பண்பட்ட ஆட்கள்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

பேத்தி கட்டப்போகிற பிரெஞ்சுப் பெடியனின் தாய் தகப்பன் ஞாயிறு முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். அதற்கென்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சேலையும் எடுத்து வைத்திருந்தேன்.

"அவையள் கல்த்திவே ஆன ஆக்கள், மாமி. அண்டைக்கு நீங்கள் பொபினியிலை உங்கடை மகள் வீட்டை நிண்டால் நல்லது," என்றாள் மருமகள்.

அதென்ன சொல் என்று பேத்தியைக் கேட்டேன்.

"பண்பட்ட ஆக்கள், அப்பம்மா. புத்தகம், மியூசியம் எண்டு திரியிறவை."

"நாங்கள் தரையைத்தானடி பண்படுத்தினனாங்கள். அதிலை விளைஞ்ச வெங்காயத்தை வித்துத்தான் உன்ரை கொப்பர் பிளேன் ஏறினவர்."

அவள் சிரித்தாள். அவளின் தகப்பன், என் மகன், கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை.

என்னை அனுப்பிவிட்டதாக இருக்கக் கூடாது. "எனக்கு முழங்கால் உளையுது, மகள் வீட்டிலை படியில்லை, நானே போறன்," என்றேன். நில்லுங்கோ அம்மா என்று மகன் ஒரு சொல் சொல்வான் என்று பார்த்தேன்.

"காரிலை கொண்டுபோய் விடுறன், அம்மா," என்றான், உடனேயே.