துளையிடாத பால் டின்

அனுப்புநர்:
மு. நல்லசாமி,
ரப்பர் மரம் சீவும் தொழிலாளி,
புக்கிட் மெராந்தி தோட்டம்,
கோலா பிலா வழி.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோலா பிலா, நெகிரி செம்பிலான்.

பொருள்: பால் டின்னுக்காகக் காவலில் உள்ள என் மனைவி பஞ்சாலையை விடுவிக்கவும், தோட்டத்தில் பயிலும் மருத்துவ, சமூகநல மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் படிப்பிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாய்ப்பால் பற்றாத என் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தோட்ட மருத்துவமனையில் டிரஸர் எனும் மருத்துவ உதவியாளர் வேலை பழகும் மைக்கல்ராஜ், அங்கிருந்த பால்மாவு டின் ஒன்றைத் தம் கையாலேயே எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். "கடையில ஓட்ட போட்டு விக்கிற டின்னு வேணாம்க்கா, ஈ மொய்க்கும். இத வீட்டுல போயி தொறங்க" என்றார். அவருக்குப் படிப்பித்தது அது.

2. பஞ்சாலை அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கும்போதே, சமூகநலப் பயிற்சியிலுள்ள எல்சி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பார்வையிட வந்தார். அவசரகாலச் சட்டப்படி டின்னைத் துளையிட்டே விற்க வேண்டும், துளையிடாத டின் கெடாமல் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும், கண்டால் உடனே காவல் சாவடிக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் படிப்பித்தது. சொல்லிவிட்டார். போலீசார் வந்து என் மனைவியை டின்னோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரஸர் கொடுத்தது என்று அவள் கத்தியதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. ஐயா, இவ்விருவரும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையின் முன் படிப்பவர்கள். காலையில் அவர், மாலையில் இவர். ஒருவர் பாடம் மற்றவருக்குத் தேவையில்லையாம். எல்சியைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில மூடுன டின்னு கொடுக்கிறாங்கன்னு எனக்கு யாருண்ணே சொன்னா?" என்று அழுதுவிட்டார். சாவடிக்குச் சாட்சி சொல்லப் புறப்பட்ட மைக்கல்ராஜையோ, "மருந்தோடு நில்" என்று மருத்துவமனையில் மேலுள்ளவர்கள் அதட்டித் திருப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. பாடத்தைக் கூறுபோட்ட பெரியவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுக்கு நோயும் போலீசும் ஒரே வாசல் வழியாகத்தானே வருகின்றன! அதைப் படித்தவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

4. ஆகவே பஞ்சாலையை உடனே விடுவிக்க வேண்டும். டின் கொடுத்தவரையே விசாரித்தால் உண்மை தெரியும். இனி இந்த மாணவர்கள் ஒன்றாகப் படித்து, லயத்துக்கும் ஒன்றாகவே வர உத்தரவிட வேண்டும்.

5. குழந்தைக்குப் பக்கத்து வீட்டு ராக்கம்மா கஞ்சித்தண்ணீர் ஊற்றுகிறார். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. இன்று காலை மைக்கல்ராஜ் இன்னொரு மூடிய டின்னை என்னிடம் நீட்டினார். வாங்கப் பயந்து மருத்துவமனை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பிள்ளை பசியில் கத்துகிறான். அந்த டின்னை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, கூடாதா? இரு துறையாரையும் கூப்பிட்டு, ஒரே பதிலாகச் சொல்லுங்கள் ஐயா.

நாள்: 14.8.1952
இடம்: கோலா பிலா

பதிலுக்காகத் தங்கள் அலுவலக வாசலில் நிற்கும்,
மு. நல்லசாமி