வோய் போகும் வண்டியில் ஓர் இடம்

மொம்பாசா
4 மார்ச் 1969

அன்புள்ள ஃப்ளோரா,

சுகம். நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை பிப்ரவரியில்தான் கைக்கு வந்தது.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்க்கும் டிசோசாவும் அவர் மனைவியும் ஆகஸ்டில் வோய் பக்கத்து மிருகச் சரணாலயத்துக்கு வண்டி பிடிக்கிறார்கள். நானும் போகிறேன், ஒரு வாரம் கூடார வாசம். வண்டியில் ஓர் இடம் காலி. உடனே உன் நினைவுதான் வந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் யானை வரைந்து பாடம் நடத்துகிறாயே, ஒரு முறை கூட்டமாக வந்து நிற்பதைப் பார்.

உன் கோடை விடுமுறையில் வராதே. அப்போது இங்கே மழை, வண்டி சேற்றில் புதையும். ஆகஸ்டில் காடு காய்ந்திருக்கும்; எந்த மிருகமும் தண்ணீருக்கு வந்தாக வேண்டும்.

பம்பாயிலிருந்து கப்பல். மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் போட்டுக்கொள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் பம்பாயில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

அன்புடன்,
அருள்


ராயபுரம்
22 மார்ச் 1969

அன்புள்ள கணவருக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனீர்கள். வேலையை விட்டு வர மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து வருடத்தில் ‘வா’ என்று நீங்கள் எழுதியது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்டுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்லூரி முதல்வர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் விடுப்புக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

மீன் கொண்டுவரும் சிலுவையம்மாளிடம் சொன்னது தவறு. தெரு முழுக்கப் பரவிவிட்டது. “சிங்கத்தப் பாக்கவா இம்மாந்தூரம் போற? ஐயாவ இட்டுகினு வாம்மா, வூடு காலியா கீது” என்கிறாள்.

காலியாகத்தான் இருக்கிறது. துறைமுகத்துக் கரித்தூள் வரும் என்று கடல் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதில்லை.

திரும்பும் வழிக்கான ஊசியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். திரும்பும் தேதியை நான் இன்னும் யோசிக்கவில்லை. விடுப்பை நீட்டிக்க வழி உண்டு. தேவையானால் வேலையை விடவும் உண்டு. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் இன்னொரு பெட்டிக்கு இடம் இருக்கிறதா?

ஃப்ளோரா


மொம்பாசா
10 ஏப்ரல் 1969

அன்புள்ள ஃப்ளோரா,

நீ வருவதில் டிசோசா வீட்டார்க்கு மகிழ்ச்சி. அவர்கள் வீட்டிலேயே உனக்கு ஓர் அறை ஒழித்து வைக்கிறார்கள். என்னுடையது குவார்ட்டர்ஸ், இடம் போதாது.

புடவை சரிப்படாது, வண்டியில் ஏறி இறங்க முடியாது. காக்கியில் பைஜாமாவும் முழுக்கைச் சட்டையும் தைத்துக்கொள். வெள்ளை வேண்டாம், அங்கே மண் செம்மண், யானையே சிவப்பாகத்தான் இருக்கும். கருநீலமும் வேண்டாம், கடிக்கும் ஈக்கள் அந்த நிறத்தைத் தேடி வரும். பூ, பவுடர், வாசனைத் தைலம் எதுவும் கூடாது. இரவில் குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். காலையில் காலணியை உதறிவிட்டே மாட்ட வேண்டும், தேள் இருக்கும். வண்டிக்குள் எழுந்து நிற்கக்கூடாது. உட்கார்ந்திருக்கும்வரை சிங்கத்துக்கு வண்டியும் நாமும் ஒன்றுதான். மலேரியா மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்கி, ஊர் திரும்பியபின்னும் நான்கு வாரம் விடாமல் போடு.

கூடாரத்தில் நீ டிசோசாவின் மனைவியோடு. டிசோசாவும் நானும் இன்னொன்றில்.

நகை எதுவும் வேண்டாம். தாலிச் சங்கிலியையும் கல்யாண மோதிரத்தையும் வீட்டிலேயே பூட்டிவிட்டு வா. வெயிலில் மின்னினால் மிருகங்கள் மிரளும்.

அன்புடன்,
அருள்


ராயபுரம்
2 மே 1969

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்து வருகிறேன். ஊசி போட்டாகிவிட்டது, கை இரண்டு நாள் வலித்தது. காக்கித் துணியைப் பார்த்துவிட்டுத் தையல்காரர் கமாலுதீன், “இன்னா டீச்சரம்மா, போலீசுல சேந்துகினீங்களா? எங்க தெருப் பக்கம் ரோந்து வராதீங்க, பேஜாராயிடும்” என்றார். பைஜாமா என்றதும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அளவெடுக்க மனைவியை அனுப்பினார். அதை வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறேன். பார்க்க யாரும் இல்லாததால் வசதி.

மூர் மார்க்கெட்டில் பழைய தொலைநோக்கி ஒன்று கிடைத்தது. அதன் ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை. மாலையில் மொட்டை மாடிக்குப் போய்த் துறைமுகத்துக் கப்பல்களின் பெயர்களைப் படிக்கிறேன்.

ஒரு சந்தேகம். நான் விலங்கியல் நடத்துகிறவள். யானைக்குக் கண்பார்வை மந்தம், மோப்பம்தான் கூர்மை. சிங்கம் வண்டியையே பொருட்படுத்தாது என்று நீங்களே எழுதுகிறீர்கள். வண்டியின் கண்ணாடி மின்னுவதைவிடவா என் மோதிரம் மின்னப் போகிறது? அதைக் கண்டு மிரள்வது எது என்று தெரிந்தால் நல்லது. நாலு கால் பிராணி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஃப்ளோரா


மொம்பாசா
19 மே 1969

ஃப்ளோரா,

உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்தும் முயன்றேன்.

வந்த புதிதில் எல்லோரும் கேட்டார்கள், மனைவி ஏன் வரவில்லை, எப்போது வருவாள் என்று. வர மறுத்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள், இறந்துவிட்டாள் என்றேன். அதோடு கேள்விகள் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட அழைத்தார்கள். டிசோசாவின் மனைவி அழுதே விட்டாள். அந்த நவம்பரில், இறந்தோர் நாள் பூசைக்குப் பெயர் எழுதும்போது பங்குச் சாமியார் தானாகவே உன் பெயரைக் கேட்டார். கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? ஒவ்வொரு வருடமும் கொடுத்து வருகிறேன்.

இப்போது நீ என் சித்தப்பா மகள் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் டோரதி.

வேறு பெண் யாரும் இல்லை. இதை மட்டும் நம்பு. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் டோரதியாக இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

அருள்


ராயபுரம்
5 ஜூன் 1969

அருள்பிரகாசம் அவர்களுக்கு,

வேறு பெண் இல்லை என்பதை நம்புகிறேன். இருந்திருந்தால் எனக்குப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

‘அவள் வரவில்லை’ என்பதில் உங்களுக்கு வெட்கம். ‘செத்துப்போனாள்’ என்பதில் வெட்கம் இல்லை. அந்தப் பூசை நடந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். விடைத்தாள் திருத்தியிருப்பேன். ஒரு வருடம் டைபாய்டு வந்து படுத்திருந்தேன். சிலுவையம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். அப்போதும் நீங்கள் என் ஆத்துமா சாந்தியடைய முழங்காலில் நின்றிருப்பீர்கள்.

கப்பல் பயணத்தை ரத்து செய்துவிட்டேன். முதல்வரிடம், போகவில்லை என்று மட்டும் சொன்னேன். சிலுவையம்மாள் விடவில்லை. “ஐயாதான கூப்ட்டாரு?” என்றாள். “கூப்பிட்டது என்னை இல்லை” என்றேன். கூடையை இறக்கி வைத்தாள். “போட்டும்மா, வேற ஆளுக்கு வந்த தந்தி நம்ம வூட்ல வந்தா நாம இன்னா பண்றது” என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே மீனை அரிந்து சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனாள்.

உங்களை அங்கே யார் முன்னாலும் நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அது உங்கள் ஊர், உங்கள் நண்பர்கள். ஆனால் வரும் நவம்பரில் என்னை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களுக்கும் பூசை வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். அதற்குத் துணிவு வருகிற அன்று சாமியாரிடம் முழுப் பெயரையும் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஃப்ளோரா அருள்பிரகாசம்